ஏன் என்று கேட்ட ஆலிஸ் அம்மையார்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு, சாதித்த பெண்மணி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி நிர்வாகக் குழுவில் என்னிடம் சொன்னார்கள். நமக்குத் தெரிந்த பெரியவர்களைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால் யாரைப் பற்றி எழுதலாம் என்று என் மகளிடம் கேட்டேன். அவள் சமூகப் பணியில் முதுகலை படிக்கிறாள். ஜெர்மனி நாட்டில் பிறந்த ஆலிஸ் சாலமன் அம்மையாரைப் பற்றி எழுதும்மா என்றாள். அவர் இறந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பேர் எனக்கு முதலில் வாயில் நுழையவில்லை. மூன்று ராத்திரி உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். கேட்டு முடித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் உட்கார வைத்த பெண்

ஆலிஸ் அம்மையார் 1872ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி பெர்லின் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா தோல் வியாபாரி. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத குடும்பம். ஆனால் ஆலிஸுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பும் அதோடு ஏறக்குறைய முடிந்துபோனது.

டீச்சர் ஆகணும் என்பது அவருடைய ஆசை. வசதியான வீட்டுப் பெண் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல் என்று வீட்டில் சம்மதிக்கவில்லை. தையல் பூவேலை செய்துகொண்டு, மாப்பிள்ளை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நம்ம ஊர்லயும் வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி எத்தனையோ பேரை வீட்டில் உட்கார வைத்தார்கள். இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வலி தெரியும்.

இப்படியே ஐந்தாறு வருடம் போனது. 1893-ல் பெர்லினில் சில பெரியவர்கள் சேர்ந்து ஒரு அமைப்பை ஆரம்பித்தார்கள். சமூக உதவிப் பணிக்கான பெண்கள் குழுக்கள் என்று அதற்குப் பெயர். வீட்டில் சும்மா இருக்கும் படித்த பெண்களைக் குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை, ஏழைகளின் வீடு என்று அனுப்பி உதவி செய்ய வைப்பதுதான் நோக்கம். இருபத்தொரு வயதில் ஆலிஸ் அதில் சேர்ந்தார். தன் வாழ்க்கையே அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அன்றைய பெர்லின் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் அந்த வேலையின் அருமை புரியும். தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டே போன காலம். கிராமத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் காற்றும் வெளிச்சமும் இல்லாத பெரிய பெரிய வாடகைக் கட்டடங்களில் அடைந்து கிடந்தன. ஒரே அறையில் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம். அதே அறையில் பெண்கள் துணிக் கம்பெனிக்குப் பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுத்தார்கள். சுகமாக வளர்ந்த ஆலிஸ் இதையெல்லாம் முதல் தடவையாக நேரில் பார்த்தார்.

அந்தக் குழுக்களை வழிநடத்தியவர் ஜீனெட் ஷ்வெரின் என்ற அம்மையார். ஆலிஸுக்கு அவர்தான் குரு. 1899-ல் ஷ்வெரின் இறந்தபோது குழுக்களின் பொறுப்பு முழுவதும் ஆலிஸ் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

நல்ல மனசு மட்டும் போதாது

பொறுப்பு ஏற்ற அந்த வருடமே ஒரு வருடப் பயிற்சி வகுப்பு ஆரம்பமானது. உதவி செய்யப் போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்பதுதான் ஆலிஸ் அம்மையாரின் கொள்கை. அன்றைக்கு இது புதுசு. ஏழைக்கு உதவ என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு, இரக்கம் இருந்தால் போதாதா என்று கேட்டவர்கள் அதிகம். இரக்கத்தோடு போய் ஒரு ரொட்டியைக் கொடுத்துவிட்டு வருவது சுலபம். அந்த வீட்டில் ரொட்டி ஏன் இல்லை என்று கண்டுபிடிக்கத்தான் படிப்பு வேண்டும். கூலி குறைவா, நோயா, வீட்டுக்காரர் குடிக்கிறாரா, வேலை போய்விட்டதா, சட்டப்படி வரவேண்டிய பணம் வராமல் இருக்கிறதா? காரணம் வேறாக இருந்தால் உதவியும் வேறாகத்தானே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. என் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத என்னால் முடியாது.

குழு ஆரம்பித்து மூன்றாவது வருடம். நான் அப்போது ஊக்குநர். ஒரு சகோதரி நான்கு மாதத் தவணை கட்டவில்லை. கூட்டத்துக்கும் வரவில்லை. நாங்கள் ஐந்து பேர் போய்ப் பட்டப்பகலில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வசூல் ஆகிவிட்டது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். அந்த வருடம் நூறு சதவீதம் கடன் திருப்பம் என்று எங்கள் குழுவுக்குப் பாராட்டும் கிடைத்தது. கடன் வாங்கி அவர் பிடித்த மூன்று ஆடுகளும் நோயில் செத்துப்போன விஷயம் அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை ஏன் கட்டவில்லை என்று உட்கார்ந்து கேட்டிருந்தால் தவணையைத் தள்ளி வைத்திருக்கலாம். ஆட்டுக்குக் காப்பீடு எடுக்க முதலிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம். அந்தச் சகோதரி அதற்குப் பிறகு குழுவுக்கு வரவே இல்லை.

எங்களுக்கு நல்ல மனசு இல்லாமல் இல்லை. கேட்கத் தெரியவில்லை. இந்த வேலைக்குப் படிப்பு வேண்டும் என்று ஆலிஸ் அம்மையார் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

பெண் கூலி ஏன் குறைவு?

அடுத்தவர்களுக்குப் படிப்பு வேண்டும் என்று சொன்னவர் தானும் படிக்கப் புறப்பட்டார். பிரஷ்யா நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1908-ல்தான். அதற்கு முன்பு பேராசிரியரிடம் அனுமதி வாங்கி வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். ஆலிஸிடம் பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழும் கிடையாது. அதுவரை அவர் எழுதி வெளியிட்டிருந்த கட்டுரைகளைப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்தார்கள். 1902 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, 1906-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பதினைந்து வயதில் படிப்பை விட்ட பெண் முப்பத்துநான்கு வயதில் டாக்டர் ஆனார்.

அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேளுங்கள். ஆண் வேலைக்கும் பெண் வேலைக்கும் ஏன் ஒரே கூலி கிடைப்பதில்லை என்பதுதான் அது.

பெண்ணுக்குப் பலம் குறைவு, அதனால் கூலி குறைவு என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது அன்றைக்கு வழக்கம். இன்றைக்கும்தான். அவர் அதோடு விடவில்லை. ஆண் சம்பாதித்தால் குடும்பச் செலவு என்றும், பெண் சம்பாதித்தால் கைச்செலவு என்றும் எல்லோரும் நினைக்கிறார்கள். கல்யாணம் ஆனால் நின்றுவிடுவாள் என்று பெண்ணுக்குத் தொழில் கற்றுக் கொடுப்பதில்லை. தொழில் தெரியாததால் குறைந்த கூலி வேலைகளில் பெண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நிற்கிறவர்கள் அதிகமாக ஆக, கூலி இன்னும் இறங்குகிறது. சேர்ந்து நின்று கேட்கச் சங்கமும் இல்லை. இப்படி ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தால், கையில் பலம் இல்லாததை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. மற்ற முடிச்சுகளை மனுஷர்கள்தான் போட்டார்கள். மனுஷர்கள் போட்டதை மனுஷர்கள் அவிழ்க்கலாம்.

நம்ம ஊரில் கட்டட வேலைக்குப் போகும் பெண் எத்தனை வருடம் போனாலும் சித்தாள்தான். அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்த பையன் நாலு வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவன் கையில் கரண்டியைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். இவள் தலையில் சட்டி மட்டும் ஏறுகிறது. 1906-ல் பெர்லினில் எழுதிய ஆராய்ச்சியை வைத்து இதைப் பார்த்தால் எல்லாம் புரிகிறது.

பள்ளிக்கூடமும் பல நாட்டுச் சட்டமும்

1908-ல் பெர்லினில் பெண்களுக்கான சமூகப் பணிப் பள்ளியை ஆலிஸ் அம்மையார் தொடங்கினார். இரண்டு வருடப் படிப்பு. பொருளாதாரம், சட்டம், சுகாதாரம், குழந்தை வளர்ப்பு எல்லாம் வகுப்பில். அதோடு காப்பகங்களிலும் ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளிலும் நேரடிப் பயிற்சி. இந்தப் பள்ளியைப் பார்த்து ஜெர்மனியின் மற்ற நகரங்களிலும் பள்ளிகள் வந்தன. 1917-ல் அந்தப் பள்ளிகள் எல்லாம் ஒரு அமைப்பாகச் சேர்ந்தபோது அதற்கும் இவர்தான் தலைவி. உலகப் போர் வந்து ஆண்கள் போர்முனைக்குப் போனபோது, வீட்டில் தவித்த குடும்பங்களுக்கு உதவி சேர்க்கும் பணியில் அந்தப் பள்ளியில் படித்த பெண்கள் முன்னால் நின்றார்கள்.

அவருக்கு இன்னொரு நல்ல பழக்கம் இருந்தது. ஒரு பிரச்சினையை எடுத்தால், மற்ற நாட்டில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார். 1909-ல் கனடாவில் கூடிய சர்வதேசப் பெண்கள் பேரவையில் அவரைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பொறுப்பில் பல நாடுகளுக்குப் போனார். அமெரிக்காவில் ஏழைகள் மத்தியிலேயே குடியிருந்து பணி செய்த ஜேன் ஆடம்ஸ் அம்மையாரோடு நட்பு ஏற்பட்டது.

ஒப்பிட்டுப் பார்ப்பதால் என்ன லாபம்? பிரசவ விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்து 1877-லேயே சட்டம் போட்டது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து எட்டு வாரம் பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எட்டு வாரத்துக்குக் காசு கிடையாது. ஜெர்மனியில் 1878-ல் வந்த சட்டம் மூன்று வாரம்தான் கொடுத்தது. 1883-ல் வந்த நோய்க் காப்பீட்டுச் சட்டத்தில், காப்பீடு உள்ள பெண்ணுக்கு அந்த மூன்று வாரமும் கொஞ்சம் பணம் கிடைக்க வழி வந்தது. ஒரு நாட்டில் நாள் அதிகம், காசு இல்லை. இன்னொரு நாட்டில் காசு உண்டு, நாள் குறைவு. வெறும் விடுப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் தாய்க்கு ஓய்வு கிடைக்காது, பட்டினிதான் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது கண்ணில் படும். தாய்மைக் காப்பீடு வேண்டும் என்று ஆலிஸ் அம்மையார் எழுதியதும் பேசியதும் இதனால்தான். நம்ம மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிகளுக்கு வரும் நிதியுதவியை வாங்கும்போது, பெண்கள் இதற்காக எத்தனை காலமாக எத்தனை நாடுகளில் பேசியிருக்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்வோம்.

1926-ல் அவர் எழுதிய ஒரு நூல் சமூக நோய் அறிதல் பற்றியது. டாக்டர் நாடி பார்த்து, கேள்வி கேட்டு, அப்புறம் மருந்து எழுதுவதுபோல, ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை விசாரித்து அறிந்த பிறகுதான் உதவியை முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லும் நூல் அது. அதைப் பற்றி மகள் சொன்னபோது அந்தத் தோடுதான் என் கண்முன் வந்தது.

சொந்தக் கூட்டமைப்பே தயங்கியபோது

இனி வரும் பகுதியை மெதுவாகப் படியுங்கள். நம்மைப் போலவே அங்கேயும் பெண்கள் சங்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய கூட்டமைப்பு இருந்தது. ஆலிஸ் அம்மையார் 1900-லிருந்து அதன் நிர்வாகத்தில் இருந்தவர். பல வருடம் துணைத் தலைவி. முதல் உலகப் போர் முடிந்த சமயம் தலைவி பதவி காலியானது. வேலைத் திறமை, படிப்பு, அனுபவம் எதைப் பார்த்தாலும் அடுத்த தலைவி அவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவரைத் தலைவி ஆக்கவில்லை. அவர் 1914-லேயே கிறிஸ்தவ மதத்துக்கு மாறியிருந்தார். இருந்தாலும் பிறப்பால் யூதர். யூதப் பெயர் கொண்டவரைத் தலைவி ஆக்கினால் வெளியில் எதிர்ப்பு வரும் என்று கூட்டமைப்பு பயந்தது. அவரும் 1920-ல் அதிலிருந்து விலகிவிட்டார்.

அந்தப் பெண்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. இருபது வருடம் அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்தான். நாங்கள் ஒன்றும் நினைக்கவில்லை, மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்றுதான் யோசிக்கிறோம் என்ற தயக்கம்தான் அது. சகோதரிகளே, நம்ம ஊராட்சிக் கூட்டமைப்பில் தலைவி தேர்வு நடக்கும்போது இந்தத் தயக்கம் நமக்கு வந்ததே இல்லையா? கணக்கு தெரிந்தவர், வங்கிக்குப் போய்ப் பேசத் தெரிந்தவர், ஆனால் அவர் அந்தத் தெரு, அவங்க வீட்டில் கூட்டம் போட்டால் சிலர் வரமாட்டாங்க என்று சொல்லி வேறு பெயரை எழுதியது உண்டா இல்லையா? மனசைத் தொட்டு அவரவர் பதில் சொல்லிக்கொள்வோம்.

எல்லாம் போன பிறகும்

விலகிய பிறகும் அவர் வேலையை விடவில்லை. 1925-ல் பெண்களின் உயர்கல்விக்காக ஒரு கழகத்தைத் தொடங்கினார். பணியில் அனுபவம் பெற்ற பெண்கள் மேலே படிக்கவும் பொறுப்பான பதவிகளுக்குப் போகவும் அது வழி செய்தது. 1929-ல் பல நாட்டுச் சமூகப் பணிப் பள்ளிகள் சேர்ந்து ஒரு சர்வதேசக் குழு அமைத்தபோது அதன் தலைவியானார். 1932-ல் அறுபது வயது நிறைந்தபோது, பெர்லின் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்துப் பெருமைப்படுத்தியது.

அடுத்த வருடமே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதராய்ப் பிறந்தவர்கள் எந்தப் பொதுப் பதவியிலும் இருக்கக் கூடாது என்றார்கள். ஆலிஸ் அம்மையாரின் பதவிகள் எல்லாம் பறிபோயின. தான் தொடங்கிய பள்ளிக்குள்ளேயே அவருக்கு இடம் இல்லை. உயர்கல்விக் கழகத்தில் அவரோடு வேலை பார்த்த யூதப் பெண்களை நீக்கு என்று உத்தரவு வரும் நிலை வந்தது. அவர்களை நீக்கிக் கழகத்தைக் காப்பாற்றுவதைவிடக் கழகமே இல்லாமல் போகட்டும் என்று தன் கையாலேயே அதைக் கலைத்தார்.

ஏழைகளுக்காகவே உருவான நலப் பணியையும் அந்த ஆட்சி தன் வழிக்குத் திருப்பியது. இவர் உதவிக்குத் தகுதி, இவர் தகுதியில்லை என்று மனிதர்களைத் தரம் பிரிக்க வீடு வீடாக எடுத்த விவரங்கள் பயன்பட்டன. நாமும் நலிவுற்றோர் பட்டியல் எடுக்கிறோம். பட்டியல் எடுப்பது யாருக்காக என்பதை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காலம் சாட்சி.

அந்த வருடங்களில் நாட்டை விட்டுத் தப்பிக்க வழி தேடியவர்களுக்கு அவர் உதவிக்கொண்டிருந்தார். பல நாடுகளில் சமூகப் பணியை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்ற பெரிய ஆய்வையும் அதற்கு நடுவே முடித்தார். 1937-ல் அந்த நூல் சுவிட்சர்லாந்தில் வெளிவந்தது. அதே வருடம் ரகசியப் போலீஸார் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்று வாரத்துக்குள் நாட்டை விட்டுப் போய்விடு என்று உத்தரவு. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. பிறந்த ஊரையும் வளர்த்த பள்ளியையும் விட்டு அமெரிக்கா போனார். 1939-ல் குடியுரிமையைப் பறித்தார்கள். டாக்டர் பட்டங்களையும் பறித்தார்கள்.

1944-ல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. போர் முடிந்ததும் சர்வதேசப் பள்ளிகள் அமைப்பு அவரைக் கௌரவத் தலைவி ஆக்கியது. ஆனால் புதிய நாட்டில் அவருக்குப் பழைய மாதிரி வேலையோ இடமோ அமையவில்லை. தன் வரலாற்றை எழுதி வைத்தார். அதை அச்சுப் போட அன்றைக்கு ஆள் கிடைக்கவில்லை. 1948 ஆகஸ்ட் 30ஆம் தேதி நியூயார்க்கில் தனிமையில் காலமானார். வயது எழுபத்தாறு. முப்பத்தைந்து வருடம் கழித்து, 1983-ல்தான் அந்தத் தன்வரலாறு ஜெர்மன் மொழியில் புத்தகமாக வந்தது.

அவர் 1908-ல் தொடங்கிய பள்ளி இன்றைக்குப் பெர்லினில் ஒரு உயர்கல்வி நிறுவனமாக இருக்கிறது. அதற்கு ஆலிஸ் சாலமன் பெயரையே வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் 1936-ல் பம்பாயிலும் 1952-ல் சென்னையிலும் சமூகப் பணிப் பள்ளிகள் வந்தன. அந்தப் படிப்பைத்தான் கிராமத்துக் குழுவில் சேமித்து வளர்ந்த என் மகளும் இன்றைக்குப் படிக்கிறாள்.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். பல வருடத்துக்குப் பிறகு அதே திண்ணையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை தனியாக. அன்றைக்குக் கேட்காமல் விட்டதை இன்றைக்குக் கேட்க வந்தேன் என்று சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஆடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். குழுவுக்குத் திரும்பி வருவாரா என்று எனக்குத் தெரியாது. கிளம்பும்போது காபி கொடுத்தார்.

நம்ம ஒவ்வொரு குழுவிலும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுவோம். தவணை தவறிய உறுப்பினர் வீட்டுக்கு வசூலுக்குப் போகும் முன்னால், இரண்டு பேர் மட்டும் போய் ஏன் என்று கேட்டுவிட்டு வர வேண்டும். கேட்டதைக் கூட்டத்தில் பேசி, அதற்கு ஏற்ற வழியைச் செய்ய வேண்டும். ஆலிஸ் அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை அதுவாக இருக்கட்டும்.